ஒன்பது நாள் விடுமுறை: சீக்கியத் தலங்களில் எங்கே போவது?

என் அப்பா நாமக்கல் லாரி ஓட்டுநர். முப்பது வருடம் வடக்கே லோடு அடித்தவர். வீட்டுக்கு வந்தால் அவர் சொல்கிற கதைகளில் பாதி சாப்பாட்டுக் கதையாகத்தான் இருக்கும். அதில் ஒன்றை நானும் தங்கையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். டிசம்பர் கடைசி. அம்பாலா தாண்டி லூதியானா போகிற சாலை. முன்னால் போகிற வண்டி தெரியாத பனி. தலைப்பாகை கட்டிய நாலைந்து பேர் சாலையோரம் நின்று கையைக் காட்டி லாரியை நிறுத்தினார்களாம். செக்கிங் என்று நினைத்து அப்பாவும் கிளீனரும் பேப்பரோடு இறங்கினால், அவர்கள் நீட்டியது ரொட்டியும் பருப்பும் கொதிக்கிற டீயும். காசு வாங்கவில்லை. சாப்பிட்டால்தான் வண்டியை எடுக்கவிடுவோம் என்று நின்றார்கள். "என்ன விசேஷம்னு கேட்டேன். ரெண்டு சின்னப் பசங்க செத்த நாள்னாங்க. எப்போன்னு கேட்டா, முந்நூறு வருஷம் ஆச்சுங்கறாங்க" என்பார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் சென்னையிலிருந்து தங்கை கூப்பிட்டாள். "அக்கா, அரையாண்டு லீவுல அம்மாவையும் பையனையும் கூட்டிக்கிட்டு, அப்பா சொல்ற குருத்வாராவுக்கெல்லாம் போயிட்டு வரணும். 24-லேருந்து ஒன்பது நாள் இருக்கு. பொற்கோயிலா, நாந்தேடா, பாட்னாவா? நீதான் போயிருக்கியே, சொல்லு." அம்மாவுக்கு 71 வயது, முட்டி வலி. பையனுக்கு 11. போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. இதே கேள்வியோடு இருக்கிற மற்ற குடும்பங்களுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

நான் மூன்று தடவை போயிருக்கிறேன். 2016-ல் ஐந்து தக்துகளையும் ஒரே மூச்சில். 2019-ல் கணவரோடு நாந்தேடும் கர்நாடகத்து பீதரும். 2023 பிப்ரவரியில் தில்லியிலிருந்து அமிர்தசரஸ் வரை, நின்று நிதானமாக.

தக்த் என்றால் அரியணை. சீக்கிய சமூகம் முழுவதற்கும் பொருந்தும் கட்டளைகள் பிறக்கிற பீடம். அமிர்தசரஸில் அகால் தக்த், ஆனந்த்பூரில் கேஷ்கட் சாஹிப், பட்டிண்டா பக்கம் தல்வண்டி சாபோவில் தம்தமா சாஹிப், பீகாரில் பாட்னா சாஹிப், மகாராஷ்டிரத்தில் நாந்தேடு ஹசூர் சாஹிப். தம்தமா முறைப்படி ஐந்தாவதாகச் சேர்ந்தது 1966-ல். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அகால் தக்தை ஆறாவது குரு நிறுவினார். மற்ற நான்கும் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங்கின் வாழ்க்கையில் நான்கு கட்டங்கள். அவர் பிறந்தது பாட்னாவில். அமிர்தம் பெற்ற சீக்கியர்களின் அணியான கால்சாவை உருவாக்கியது ஆனந்த்பூரில். எல்லாம் இழந்த பிறகு தங்கி, சீக்கியரின் புனித நூலான கிரந்தத்தை முழுமைப்படுத்தியது தம்தமாவில். உயிர் நீத்தது நாந்தேடில். எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் கதையில் எந்தப் பகுதியை நின்று பார்க்க ஆசை என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. என் முதல் பயணம் வீணாகப் போனது அதைக் கேட்காததால்தான்.

2016 பயணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் சொல்ல விரும்பாத ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர், பத்து நாளில் ஐந்து தக்தும் என்றார். பாட்னாவிலிருந்து பஞ்சாப், பஞ்சாபிலிருந்து நாந்தேடு என்று நாட்டைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். ராத்திரி எல்லாம் ரயிலில். தல்வண்டி சாபோவில் நாங்கள் நின்றது நாற்பது நிமிடம். வருகிற எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடுகிற லங்கரில் உட்கார்ந்து தட்டில் ரொட்டி விழுந்த நேரத்தில், பஸ் கிளம்புகிறது என்று கூப்பிட்டார்கள். ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்த குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது. ஐந்தையும் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரயில்வேயும் இப்படி ஒரு சுற்று நடத்தியது. 2023 ஏப்ரலில் லக்னோவிலிருந்து கிளம்பிய குரு கிருபா சுற்றுலா ரயில் ஐந்து தக்துகளையும் பீதரையும் 11 நாளில் தொட்டது. படுக்கை, சாப்பாடு, பஸ் எல்லாம் அவர்கள் பொறுப்பு என்பதால் தனியாக அலைவதைவிட அது மேல். இரண்டாவது முறை போகிறவர்களுக்கு, எங்கே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு, சரி. முதல் தடவைக்கு வேண்டாம். ஒன்பது நாளில் அம்மாவோடு என்றால் பேச்சுக்கே இடமில்லை.

ஹேம்குண்ட் சாஹிப் பற்றியும் தங்கை கேட்டாள். உத்தராகண்டில் 4,000 மீட்டருக்கும் மேலே, பனிமலைகளுக்கு நடுவே ஏரிக்கரையில் இருக்கிறது. முற்பிறவியில் குரு கோவிந்த் சிங் தவம் செய்த இடம் என்று நம்புகிறார்கள். மே கடைசி அல்லது ஜூனில் திறந்து அக்டோபரில் மூடிவிடுவார்கள். கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியா ஏறி, மறுநாள் அங்கிருந்து செங்குத்தாக இன்னும் 6 கிலோமீட்டர். மேலே இரவு தங்க முடியாது. ரோப் காருக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்திருக்கிறது, அது வரும்போது பார்க்கலாம். டிசம்பர் பயணத்துக்கு இது கணக்கிலேயே இல்லை. தங்கை மகன் கல்லூரி போகிற வயதில் நண்பர்களோடு போகட்டும்.

இனி அமிர்தசரஸ். ஒரே ஒரு ஊருக்குத்தான் போக முடியும், வாழ்க்கையில் ஒரு தடவைதான் முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். நான்காவது குரு ராமதாஸ் குளம் வெட்டி ஊரை உண்டாக்கினார். ஐந்தாவது குரு அர்ஜன் குளத்தின் நடுவே ஹர்மந்திர் சாஹிப்பைக் கட்டினார். நாம் பொற்கோயில் என்கிறோமே, அந்தப் பொன்தகடு வேய்ந்ததெல்லாம் பின்னால், மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில். ஆதியில் முக்கியமாக இருந்தது வாசல்கள்தான். நான்கு பக்கமும் வாசல், எந்தத் திசையிலிருந்து யாரும் வரலாம். உள்ளே போக மேலே ஏற வேண்டியதில்லை, படி இறங்க வேண்டும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த எனக்கு, இறங்கிப் போய்க் கும்பிடுவது புதிதாக இருந்தது. 1604-ல் குரு அர்ஜன் தொகுத்த ஆதி கிரந்தம் இங்கே எழுந்தருளியது. அதில் குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், முஸ்லிம் ஞானி ஷேக் ஃபரீத், மராத்திய நாமதேவர் பாடல்களும் இருக்கின்றன.

அம்மாவுக்கு இந்த ஊரில் பிடிக்கப்போவது எது என்று எனக்குத் தெரியும். ராத்திரி நடை சாத்தும் நேரம். நம் ஊர்ச் சிவன் கோயில்களில் அர்த்தசாம பூஜை முடிந்து சுவாமியின் பாதுகையைப் பல்லக்கில் வைத்துப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே பல்லக்கில் போவது கிரந்தம். பட்டு விரிப்பில் பூச்சொரிந்து, தலைக்குமேல் சாமரம் வீசி, ஹர்மந்திரிலிருந்து பாலத்தைக் கடந்து அகால் தக்தில் அதற்கென்று உள்ள அறையில் துயில வைக்கிறார்கள். பல்லக்குக்கு ஒரு நிமிடம் தோள் கொடுக்க ஆண்கள் வரிசை போட்டு நிற்கிறார்கள். விடியுமுன் அதே பல்லக்கில் திரும்பி வரும். நூலை உயிருள்ள குருவாக நடத்துகிறார்கள் என்று புத்தகத்தில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. அந்தப் பல்லக்கைப் பார்த்ததும் புரிந்தது.

உள்ளே போக நாங்கள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றோம். அம்மாவால் அது முடியாது. முடியவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். உள்ளே பாடுகிற கீர்த்தனை குளத்தைச் சுற்றி எங்கும் கேட்கும். நம் ஓதுவார் மாதிரி ராகிகள் தபலாவோடும் ஆர்மோனியத்தோடும் அதிகாலையிலிருந்து ராத்திரிவரை மாறி மாறிப் பாடுகிறார்கள். தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கேட்டாலே போதும். நான் அப்படியே ஒரு பகல் முழுக்க இருந்தேன். எழுந்ததெல்லாம் சாப்பிட மட்டும்.

சாப்பாடு என்றதும் லங்கரைச் சொல்லாமல் விட முடியாது. பங்கத் என்று அவர்கள் சொல்வது நம் பந்திதான், சொல்லும் ஒன்று, பொருளும் ஒன்று. அமிர்தசரஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குமேல் போனால் கோயிந்த்வால் என்ற ஊர். மூன்றாவது குரு அமர்தாஸ் அங்கே ஒரு விதி வைத்தார்: முதலில் பந்தி, அப்புறம்தான் சங்கத். அதாவது என்னைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் தரையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். அக்பர் பாதுஷாவே அப்படி உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் குருவைப் பார்த்தார் என்கிறது மரபு. எந்தச் சாதி எந்தச் சாதியோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அடிதடி நடந்த நாட்டில், பதினாறாம் நூற்றாண்டில் இதைச் செய்திருக்கிறார்கள். அங்கே 84 படி இறங்குகிற ஒரு படிக்கிணறு இருக்கிறது. அம்மா மேலேயே இருக்கட்டும், பையன் எண்ணிக்கொண்டு இறங்கட்டும். போகிற வழியில் தரண்தாரன், குரு அர்ஜன் வெட்டிய பெரிய குளம். அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக் பொற்கோயிலிலிருந்து நடக்கிற தூரம். 1984 ஜூனில் ராணுவ நடவடிக்கையில் அகால் தக்த் சிதைந்து, திரும்பக் கட்டப்பட்டது. அந்த வலியை அங்கே யாரும் மறக்கவில்லை. சேவை செய்கிற பெரியவர்களிடம் வேடிக்கைக் கேள்வியாக அதைக் கேட்காதீர்கள்.

தேரா பாபா நானக் போய் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில், குருநானக் கடைசியாக வாழ்ந்த கர்தார்பூரைப் பார்க்க ஆசைப்படுவோர் உண்டு. 2019 நவம்பரில் திறந்த நடைபாதையை 2025 மே மாதம் மூடினார்கள். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், கிளம்புகிற வாரம் நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அமிர்தசரஸ் மனதை அமைதிப்படுத்துகிற ஊர் என்றால், அடுத்து நான் சொல்லப்போகிற வழி மனதை உலுக்கும். தில்லியில் தொடங்கி ஆனந்த்பூர், சம்கௌர், சிர்ஹிந்த் என்று போகிறது. கட்டடம் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் அவ்வளவாக ஒன்றுமில்லை. கதை தெரிந்து போனால் கால் நகராது.

தில்லி சாந்தினி சௌக் நெரிசலில் சீஸ் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது. சீஸ் என்றால் சிரம். தங்கள் மதத்தைக் காக்கச் சொல்லி காஷ்மீரத்துப் பண்டிதர்கள் வந்து நின்றபோது, தன் மதம் அல்லாத ஒரு மதத்தாரின் உரிமைக்காக ஒன்பதாவது குரு தேக் பகதூர் தன்னைக் கொடுத்த இடம். 1675 நவம்பரில், ஔரங்கசீப் காலத்தில், அங்கே அவர் தலையை வெட்டினார்கள். உடலை லக்கி ஷா வஞ்சாரா என்ற வணிகர் ரகசியமாக எடுத்துப்போய், சந்தேகம் வராமலிருக்கத் தன் வீட்டோடு சேர்த்துத் தீ வைத்துத் தகனம் செய்தார். அந்த இடம் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ரகாப் கஞ்ச். தலையைத் துணியில் சுற்றிக்கொண்டு பாய் ஜைத்தா என்பவர் மலையடிவாரம்வரை போனார். அவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். ஒன்பது வயது ஆகப்போகும் பிள்ளை கோவிந்த் ராய், பின்னாளில் குரு கோவிந்த் சிங் ஆனவர், தந்தையின் தலையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, அவரைக் கட்டியணைத்து, நீங்கள் குருவின் பிள்ளைகள் என்றார். அந்தத் தலையைத் தகனம் செய்த இடம் ஆனந்த்பூரில். இப்போது தில்லியிலிருந்து ஆனந்த்பூர் வழியாக வந்தே பாரத் போகிறது. அந்த ரயில் ஜன்னலில் உட்கார்ந்து நான் ஜைத்தாவைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆனந்த்பூரில் 1699 வைசாகியன்று நடந்ததைப் பையனுக்கு முன்பே சொல்லிக் கூட்டிப்போக வேண்டும். உருவிய வாளோடு குரு கோவிந்த் எழுந்து, யார் தலை கொடுப்பார் என்று கேட்டார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். லாகூர், ஹஸ்தினாபூர், பூரி ஜகந்நாதம், துவாரகை, பீதர் என்று ஐந்து திசை. அவர்களில் தண்ணீர் சுமந்தவர் உண்டு, துணிக்கு அச்சுப் போட்டவர் உண்டு, முடிதிருத்துபவர் உண்டு. அவர்களுக்கு அமிர்தம் கொடுத்துக் கால்சாவாக்கிவிட்டு, குரு அவர்கள்முன் மண்டியிட்டு எனக்கும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். கேஷ்கட் சாஹிப் அந்த இடம். பக்கத்திலேயே விராசத்-ஏ-கால்சா அருங்காட்சியகம், 2011-ல் திறந்தது, கட்டடக் கலைஞர் மோஷே சஃப்தி. பையனுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஹோலிக்கு மறுநாள் ஹோலா மொஹல்லாவில் நிஹங்குகள் என்ற சீக்கியப் போர்வீரர்களின் குதிரைச் சாகசத்தைப் பார்க்கப் போகிறவர்கள் அறைக்குத் திண்டாடத் தயாராக இருக்க வேண்டும்.

1704 டிசம்பர் குளிரில் முகலாயப் படை முற்றுகையிலிருந்து குரு ஆனந்த்பூரை விட்டு வெளியேறினார். சிர்சா ஆற்று வெள்ளத்தில் குடும்பம் பிரிந்தது. சம்கௌரில் மூத்த மகன்கள் இருவரும் போரில் விழுந்தார்கள். சின்ன மகன்கள் ஜோராவர் சிங்கும் ஃபதே சிங்கும் பாட்டி மாதா குஜ்ரியோடு பிடிபட்டு சிர்ஹிந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மரபு சொல்லும் வயது ஒன்பதும் ஏழும். காற்று ஊடுருவுகிற கோபுரத்தில் அடைத்தார்கள். மோதி ராம் மெஹ்ரா என்பவர் உயிரைப் பணயம் வைத்து அவர்களுக்குப் பால் கொண்டுபோனார். மதம் மாறச் சொன்னதற்கு மறுத்த இருவரையும் சிர்ஹிந்த் ஆளுநர் வஜீர் கான் சுவரில் வைத்துக் கட்டச் சொன்னான். மலேர்கோட்லா நவாப் மட்டும் எழுந்து, பிள்ளைகள்மேல் என்ன பகை என்று கேட்டதை சீக்கியர்கள் இன்றுவரை நன்றியோடு சொல்கிறார்கள். 1947 கலவரத்தில் மலேர்கோட்லா முஸ்லிம்களைத் தொடவில்லை. தகனத்துக்கு இடம் வாங்க, நிலத்தின்மேல் தங்கக் காசுகளை நிறுத்தி அடுக்கிக் கொடுத்தார் தோடர் மல் என்பது மரபு. ஜோதி சரூப் குருத்வாரா அந்த இடம்.

அப்பாவின் லாரியை நிறுத்தியவர்கள் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் நிறுத்தினார்கள். சிர்ஹிந்த் அம்பாலாவுக்கும் லூதியானாவுக்கும் நடுவே அதே நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. டிசம்பர் கடைசி வாரம், பிள்ளைகளைச் சுவரில் வைத்துக் கட்டிய இடமான ஃபதேகட் சாஹிப்பில் ஷஹீதி சபா, அதாவது அவர்கள் தியாகத்தின் நினைவு நாட்கள். லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள், வழியெல்லாம் கிராமத்தார் லங்கர் போட்டு வண்டிகளை மறித்துச் சாப்பிடவைப்பார்கள். அந்த நாட்களில் கட்டிலில் படுக்காமல் தரையில் படுக்கிற வழக்கம் பல வீடுகளில் உண்டு. இதெல்லாம் எனக்கு 2023-ல் அங்கே போய்த்தான் தெரிந்தது. அப்பா அப்போது இல்லை.

தம்தமா பற்றி நான் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, நாற்பது நிமிடம்தான் பார்த்தேன். குரு தங்கி ஒன்பதாவது குருவின் பாடல்களைச் சேர்த்துக் கிரந்தத்தை முழுமையாக்கிய இடம். 'குருவின் காசி' என்று பெயர் பெற்ற கல்வித் தலம். மற்ற ஊர்களிலிருந்து தள்ளி இருப்பதால் குறுகிய பயணத்தில் இதை விட்டுவிடலாம்.

பாட்னாவுக்கு ஒரு தனி ஈர்ப்பு உண்டு. 1666 டிசம்பரில் குரு கோவிந்த் சிங் பிறந்து, சின்ன வயதில் விளையாடிய ஊர். அவருடைய தொட்டில், சின்ன வாள், காலணி எல்லாம் தக்தில் இருக்கின்றன. பக்கத்துச் சந்தில் பால லீலா குருத்வாரா. பிள்ளையில்லாத ஓர் அரசி மடியில் வந்து அமர்ந்த குழந்தைக்கு அவள் வேகவைத்த கடலை கொடுத்தாளாம். இன்றும் அங்கே அதுதான் பிரசாதம். நம் ஊர்ச் சுண்டல்! பையன் விரும்பிச் சாப்பிடுவான். ஆனால் இதற்காக மட்டும் பாட்னாவரை போக வேண்டுமா என்றால், எனக்கு அவ்வளவு உறுதியில்லை. புத்த கயா, நாளந்தா, ராஜ்கீர் பார்க்க ஆசையுள்ளவர்களுக்கு இது அருமையான சேர்க்கை, அவர்கள் தயங்காமல் போகலாம். டிசம்பர் கடைசி அல்லது ஜனவரியில் வரும் குருவின் பிறந்தநாளையொட்டிக் கூட்டம் நிறைந்திருக்கும், குளிரும் பனியும் பஞ்சாபுக்குச் சளைத்தவை அல்ல.

நாந்தேடு நம் பக்கத்து ஆட்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஊர், எடுத்துக்கொள்ள வேண்டிய ஊர். ஹைதராபாத்திலிருந்து ஐந்து மணி நேர ரயில். கோதாவரிக்கரை. 1708-ல் குரு கோவிந்த் சிங் இங்கே கொலையாளியின் கத்திக்குத்துப் பட்டார். அக்டோபர் 7 அன்று மறைவதற்கு முன், இனி மனிதர் யாரும் குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிப் போனார். அமிர்தசரஸில் பல்லக்கில் போகும் அந்த நூல் குருவானது இந்த ஊரில். இப்போதுள்ள கட்டடம் 1830-களில் ரஞ்சித் சிங் கட்டுவித்தது. மாதோ தாஸ் என்ற துறவியைக் குரு இங்கேதான் சந்தித்தார். அவர் பண்டா சிங் பகதூராகி வடக்கே போய், 1710-ல் சிர்ஹிந்தைப் பிடித்தார்.

இங்கே வழிபாடு பஞ்சாபிலிருந்து மாறுபடும். உள்ளறைக்குள் தலைமைப் பூசாரி மட்டும்தான் போவார், நாம் வெளியிலிருந்து கும்பிட வேண்டும். கோதாவரியிலிருந்து குடத்தில் தண்ணீர் எடுத்து வருகிறார்கள். மாலையில் தட்டில் விளக்கேற்றி ஆரத்தி காட்டுகிறார்கள், குருவின் ஆயுதங்களை எடுத்துக் காட்டுகிறார்கள். பஞ்சாபில் ஆரத்தி பாட்டாக மட்டும் இருக்கும். ஆகவே நம் கோயில் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு நாந்தேடு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அதே காரணத்துக்காக, உருவமற்ற ஒன்றைத் தேடிப் போகிறவர்களுக்கு அமிர்தசரஸ்தான் நெருக்கம். தசராவில் போனால் குதிரைகளோடு ஊர்வலம் உண்டு, ஆடு பலியும் உண்டு. பிள்ளைகளோடு போகிறவர்கள் தெரிந்துகொண்டு போங்கள்.

நாந்தேடோடு பீதரையும் சேர்த்தால் பயணம் முழுமையாகும். சாலையில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குருநானக் தெற்கே வந்தபோது, உவர்நீரால் தவித்த மக்களுக்காகக் காலால் கல்லை நகர்த்தி நல்லநீர் ஊற்றெடுக்க வைத்தார் என்பது நம்பிக்கை. அந்த ஊற்று இன்றும் ஓடுகிறது, நானக் ஜீரா என்று பெயர். அதே தெற்குப் பயணத்தில் அவர் ராமேஸ்வரமும் வந்தார் என்கிறார்கள், அங்கேயும் ஒரு குருத்வாரா இருக்கிறது. 1699-ல் தலை கொடுக்க எழுந்த ஐவரில் முடிதிருத்துபவரான சாஹிப் சிங்கின் ஊர் பீதர். நாமதேவர் பிறந்ததாகச் சொல்லும் நர்சி, நாந்தேடுக்கு அடுத்த ஹிங்கோலி மாவட்டத்தில். பஞ்சாபின் வேதத்துக்குள் தக்காணம் எவ்வளவு இருக்கிறது என்று இங்கேதான் உறைக்கும்.

இப்போது டிசம்பருக்கு வருவோம். பஞ்சாபில் பளிங்குத் தரை ஐஸ் மாதிரி இருக்கும். பொற்கோயிலில் சாக்ஸையும் கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். விரிப்பு போட்டிருப்பார்கள், இருந்தாலும் முட்டி வலிக்காரர்களுக்குச் சிரமம். பனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நாந்தேடில் அதே நாட்களில் ஒரு சால்வை போதும். அதனால் டிசம்பர் லீவில் வயதானவர்களோடு போகிறவர்கள் நாந்தேடு, பீதர் போங்கள். ஐந்து நாள் தாராளம். அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச்சில் லீவு போட முடிகிறவர்கள் அமிர்தசரஸ் போங்கள், கையில் எட்டு நாள் இருந்தால் தில்லி, ஆனந்த்பூர், சிர்ஹிந்த் வழியாக. நேரம் நிறைய இருப்பவர்கள் நாந்தேடையும் அமிர்தசரஸையும் சச்கண்ட் எக்ஸ்பிரஸில் இணைக்கலாம். ஒன்றரை நாள் பயணம். வழியில் ஸ்டேஷன்களில் லங்கர் வாளிகளோடு வந்து பெட்டிக்குள் பரிமாறுவார்கள், தட்டு மட்டும் எடுத்துப்போனால் போதும்.

எங்கே போனாலும் தலையை மூட ஒரு துணி, பையனுக்கும் சேர்த்து. ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்க வேண்டும். கிரந்தத்தை நோக்கிக் கால் நீட்டக் கூடாது. தரையில் உட்கார முடியாதவர்கள் அங்கே சேவை செய்கிற சேவாதாரிகளிடம் சொன்னால் இடம் காட்டுவார்கள், கூச்சப்பட வேண்டாம். புறப்படுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரச் சொன்னேன். அம்மாவால் எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஆக, தங்கைக்கு நான் சொன்ன பதில் நாந்தேடு. எல்லாக் கணக்கும் அதற்குத்தான் சாதகம். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கடைசியில் கேட்டாள்: "உங்கப்பா டீ குடிச்ச ரோடு அங்கயா இருக்கு?"

இல்லை என்றேன். திரும்ப உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஷஹீதி சபா நாட்களில் ஃபதேகட் சாஹிப்புக்குள் அந்தக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப்போக நான் சம்மதிக்கமாட்டேன். அம்மா பார்க்க ஆசைப்படுவது அந்தச் சாலையை. அதற்குக் கூட்டத்துக்குள் போக வேண்டியதில்லை. 24 அன்று விமானத்தில் தில்லி. 25 சீஸ் கஞ்சும் ரகாப் கஞ்சும், மாலையில் ரயிலில் அம்பாலா. 26 அங்கிருந்து லூதியானாவரை காரில், நெடுஞ்சாலையிலேயே. 27 முதல் மூன்று இரவு அமிர்தசரஸ், அதில் ஒரு நாள் கோயிந்த்வால், பனியால் தாமதமானால் விட்டுவிடலாம். 30 ஆனந்த்பூர். 31 அன்று, கூட்டம் வடிந்தபின், சிர்ஹிந்தில் நிதானமாகக் கும்பிட்டுவிட்டு சண்டிகரில் படுக்கை. ஒன்றாம் தேதி வீடு. சம்கௌரை விட்டாயிற்று. நாந்தேடு அடுத்த வருடம், என்னோடு.

26-ம் தேதி காலை பனி விலகிய பிறகுதான் கார் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். டிரைவரிடம் இன்னொன்றும் முன்பே சொல்லிவைக்கச் சொன்னேன். வழியில் யார் கையைக் காட்டினாலும் வண்டியை நிறுத்த வேண்டும்.